உலர் அறையில் இரண்டாவது மூச்சு

இது நடந்தது. எனக்கே நடந்தது. என் வயது எழுபத்து மூன்று. கண்புரை எடுத்தாகிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒரு மாத்திரை, வேறு மருந்து கிடையாது. அன்று அந்த மாத்திரையையும் வேளை தவறாமல் போட்டிருந்தேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் ‘பெரியவருக்கு ஏதோ தலைசுற்றல்’ என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. கிழவன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. தலை சுற்றியவன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இருட்டு, பாழடைந்த பங்களா, நாய் ஊளை... எதுவும் இதில் இல்லை. நேரம் பிற்பகல். இடம், அறுபது குழல்விளக்குகள் எரியும் வெள்ளை அறை. தூசிகூட நுழைய முடியாத அறை.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் எனக்கு எது பயமாக இருந்தது என்று உங்களுக்குப் புரியும்.

எங்கள் குடும்பத் தொழிற்சாலையில் செய்வது சிப். மற்றவர்கள் செய்கிற சிப்புக்கு வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். எங்களுடையதற்கு வேண்டாம். சிலிக்கான் தகட்டின் மேலேயே, முடியைவிட மெல்லிய அடுக்குகளாக, பேட்டரியையும் சேர்த்துக் கட்டிவிடுவோம். ஒயர் கிடையாது. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. மருந்துப் பெட்டிகளின் மூடிக்குள் ஒட்டிவிடுவார்கள். பெட்டி எங்கே போனாலும், நிமிடத்துக்கு ஒரு முறை சூட்டை அளந்து தனக்குள் எழுதிக்கொண்டே போகும். மருந்து வழியில் வெயிலில் கிடந்து கெட்டதா என்று பிறகு படித்துக்கொள்ளலாம். பேட்டரி ஒன்றரை வருடம் வரும். அது தீர்ந்தாலும் எழுதியது அழியாது. ‘எங்கள் சிப் சாகும், மறக்காது’ என்று எத்தனையோ மேடைகளில் நானே பேசியிருக்கிறேன்.

பேட்டரிக்கு லித்தியம் வேண்டும். லித்தியத்துக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே வெளுத்துப் பொடியாகிவிடும். அதனால் அந்த வேலைக்கென்று ஓர் உலர் அறை. உள்ளே போனால் பத்து நிமிடத்தில் உதடு வெடிக்கும். அங்கே மனிதனின் மூச்சே பெரிய தொல்லை, மூச்சில் ஈரம் இருக்கிறது அல்லவா? சுவரில் ஓர் ஈரமானி. சிவப்பு எழுத்தில் பெரிய எண். அறையில் ஆள் இல்லாதபோது எட்டு காட்டும். ஒருவர் நுழைந்தால் ஐந்து நிமிடத்தில் பதினாலு. இரண்டு பேர் என்றால் இருபது.

பரிசோதனைப் பிரிவில் ஒருவன் இருக்கிறான். எல்லோருக்கும் அவன் ‘மீட்டர்’. வெளியே நின்று எண்ணைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவான். ஒருநாள் ஓர் ஆள்தான் உள்ளே, எண் பதினாறு காட்டியது. “யாரோ வீட்ல சண்டை போட்டுட்டு வந்து பெருமூச்சு விடுறாங்க” என்றான். விசாரித்தால் உண்மை.

அந்த உலர் அறைக்குள் இன்னோர் அறை. எஃகு அறை. எட்டடிக்கு எட்டடி. லித்தியத்தை ஆவியாக்கும் இயந்திரம் அங்கே இருக்கிறது. வேலை நடக்கும்போது அதற்குள் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தரையிலிருந்து தண்ணீர்போல் நிரம்பும். மூச்சு விட்டுக்கொண்டிருப்பதாகவே தோன்றும், ஆனால் உள்ளே போவது காற்றாக இருக்காது. இயந்திரத்தைச் சுத்தம் செய்யும்போது மட்டும் வாயுவை வெளியேற்றிவிட்டு ஆள் உள்ளே போவார். கதவுக்கு உட்பக்கம் கைப்பிடி இல்லை. வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

ஆகவே ஒரு விதி வைத்திருந்தோம். ஒருவர் உள்ளே போனால், இன்னொருவர் வெளியே நாற்காலி போட்டுக் காவல் உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவை இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டிப் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் உடனே திற. அவ்வளவுதான் விதி. எழுதியவன் நான்.

என் தம்பி அந்த அறைக்குள்தான் இறந்தான். ஆறு வருடம் ஆகிறது.

அவனைச் ‘சின்னவர்’ என்பார்கள், என்னைப் ‘பெரியவர்’. விபத்துப் பதிவேட்டில் நான் எழுதிய வரி இது: ‘காவல் இன்றித் தனியாக உள்ளே சென்றதால், சில நிமிடங்களிலேயே, தன் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்.’ கீழே என் கையெழுத்து.

நான்கு வருடம் அந்த வரி அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் தம்பி மனைவி என் அறைக்கு வந்தாள். மறுநாளிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு வாரம் பராமரிப்பு விடுமுறை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். அவனுடைய கடிகாரம், மூக்குக்கண்ணாடி, அதோடு ஒரு சிப்.

தம்பிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் சிப்பை எடுத்துத் தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வான், மேலே கையுறை போட்டுக்கொள்வான். சூட்டைச் சரியாக அளக்கிறதா என்று சோதிக்க உடம்பைவிட ஒழுங்கான சூளை வேறு எது அண்ணா என்று சிரிப்பான். பொட்டலத்தில் இருப்பது அந்தச் சிப் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியவில்லை. மின்னணுவியல் படித்துக்கொண்டிருக்கும் மகள் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும், அதில் ஒன்றும் இருக்காது என்றேன்.

“செத்தாலும் மறக்காதுன்னு மேடை மேடையா பேசினது நீங்கதானே, மாமா?”

நான் சிப்பை மறுபடி பொட்டலத்துக்குள் தள்ளினேன்.

“அவர் அவசரக்காரர் இல்ல. வீட்டுப் பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்குறவர். காவலுக்கு ஆள் இல்லாம உள்ள போயிருக்கவே மாட்டார். அந்த வரியை நீங்க அடிக்கணும். இதைப் படிச்சுப் பாத்துட்டு அடிங்க.”

அவளுக்கு வேண்டியது வேறு எதுவும் இல்லை. பங்கு கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. கவனக்குறைவால் செத்தவனின் மகள் என்று அவள் பெண்ணைத் தொழிலில் யாரும் சொல்லக் கூடாது. அந்த ஒரு வரி போக வேண்டும். நாளன்றைக்குக் காலை மீட்டரை வரச் சொல்கிறேன், உன் முன்னாலேயே படிக்கலாம் என்றேன். சிப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். குடும்பத்துக்கு மூத்தவன் என்ற நம்பிக்கை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தம்பி இறந்த அன்று காவல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

தம்பி 2.40-க்கு உள்ளே போனான். 2.45-க்கு இரண்டு தட்டினேன், ஒரு தட்டு வந்தது. 2.50-க்கும் வந்தது. 2.52-க்கு வாசலிலிருந்து செய்தி. பெரிய மருந்து நிறுவனத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். வேறு யாராவது போய் அழைத்து வரலாம். ஆனால் வாசலில் மூத்தவன் நிற்காவிட்டால் வீட்டுக்கு என்ன மரியாதை? பத்து நிமிடம் என்று நினைத்துப் போனேன். பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது 3.40.

வாயுக் குழாயின் வால்வு கசிந்திருக்கிறது.

மூத்தவன் காவலை விட்டுப் போனான் என்று எழுதினால் பெயர்ப்பலகையில் இருக்கும் எங்கள் பெயர் என்ன ஆவது? தம்பி தனியாகப் போனான் என்று எழுதினால் போனவனுக்கு இனி என்ன குறை? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. சில மூச்சுகளிலேயே நினைவு போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சிப் அவன் மணிக்கட்டில் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிக்கொண்டிருந்தது. அவன் எந்த நிமிடத்தில் குளிர ஆரம்பித்தான் என்று அதற்குத் தெரியும்.

சிப்பில் எழுதியதை அழிக்க ஒரே வழிதான் உண்டு. சிப் செய்து முடித்ததும் கொடுக்கும் முதல் சார்ஜை மறுபடியும் கொடுப்பது. கொடுத்தால் பழையது எல்லாம் போய், பூஜ்யத்திலிருந்து புதிதாக எண்ண ஆரம்பிக்கும். உதிரி சிப்புக்குச் சார்ஜ் கொடுக்கும் தட்டு எஃகு அறைக்குள்தான் இருக்கிறது.

மறுநாள் பிற்பகல் தொழிற்சாலைக்குப் போனேன். வாசலில் வாட்ச்மேன் மட்டும். நேரம் 2.05 என்று குறித்துக்கொண்டான். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. உலர் அறையின் காற்று இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதை ஒருநாளும் நிறுத்துவதில்லை. வாயுக் குழாயின் மஞ்சள் கைப்பிடி மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூடியிருந்தது. அளவுமானியில் முள் பூஜ்யம்.

வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. 2.19-க்கு உலர் அறைக்குள் நுழைந்தேன். எண் எட்டு. 2.24-க்குப் பதினாலு. சரிதான், நான் ஒருவன்.

எஃகு அறையைத் திறந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை. காவல் நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்தேன். கனமான இரும்பு நாற்காலி. தரையில் இழுபட்டபோது ‘க்ரீச்’ என்று பல் கூசும் சத்தம்.

உள்ளே போனேன். சிப்பைச் சிறு இடுக்கியால் எடுத்தேன். கையால் தொடவில்லை. அந்த அறையில் எதையும் கையால் தொடக் கூடாது என்பது நான் வைத்த விதி.

மூக்குக்கண்ணாடியைத் துடைக்க நிமிர்ந்தபோது திறந்த கதவு வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது.

எண் இருபது.

இயந்திரக் கோளாறு என்று நினைத்தேன். நாலு நாளைக்கு முன்தான் சரிபார்த்தது. ஆனாலும் கோளாறு என்றுதான் நினைத்தேன். எழுந்துபோய்ப் பார்த்தேன். உலர் அறையில் ஒரு மூலைகூட மறைவு கிடையாது. மேஜைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

மறுபடி எஃகு அறைக்குள் வந்தேன். தட்டின் முன் குனிந்தேன். மணி 2.36.

டொக்... டொக்.

திரும்பினேன். கதவு திறந்தபடி. நாற்காலி அதே இடத்தில்.

ஓடியிருக்கலாம். என் தொழிற்சாலையில், நான் கட்டிய அறையிலிருந்து, நான் ஓடுவதா? நின்றேன். கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு காய்ந்து வெடித்தது. முகமூடிக்குள் என் மூச்சு பெரிதாகக் கேட்டது.

2.41.

டொக்... டொக்.

கதவில் யார் கையும் இல்லை. எஃகு மட்டும் லேசாக அதிர்ந்தது. கண்ணால் பார்த்தேன்.

ஐந்து நிமிடம். சரியாக ஐந்து நிமிடம்.

சிப்பைத் தட்டில் பொருத்தினேன். மூன்றாவது முயற்சியில்தான் உட்கார்ந்தது. விசையை அழுத்தினேன். சிவப்பு விளக்கு. பச்சை ஆக ஆறு நிமிடம்.

2.46.

டொக்... டொக்.

நான் தட்டினேன். ஒரு தட்டு. வேண்டும் என்று தட்டவில்லை. இத்தனை வருடப் பழக்கம்... கை தானாகப் போய்ச் சுவரைத் தட்டிவிட்டது.

அதன் பிறகு அமைதி.

2.51. காத்திருந்தேன். தட்டு வரவில்லை.

எனக்கு அப்போதுதான் உண்மையாகப் பயம் வந்தது. தட்டும்போது வந்ததைவிட, தட்டாதபோது...

2.52. விளக்கு பச்சை ஆயிற்று. நான்கு வருடத்துக்கு முன் எழுதியது அனைத்தும் போயிற்று. அழித்தாகிவிட்டது. இடுக்கியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

கதவு சாத்தியிருந்தது.

சத்தமே கேட்கவில்லை. நாற்காலி இழுபடவில்லை. கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். நாற்காலி வெளியே, அதன் பழைய இடத்தில், கதவைப் பார்த்தபடி இருந்தது. காலியாக.

கதவைத் தள்ளினேன். தோளால் இடித்தேன். எஃகு அசையுமா? செல்போன் உடை மாற்றும் அறையில். அதற்கும் விதி நான் வைத்ததுதான்.

எதிர்ச்சுவரில் எண் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள். நான் எஃகு அறைக்குள் அடைபட்டுவிட்டேன். என் மூச்சு என்னோடு இருக்கிறது. வெளியே எண் எட்டுக்கு இறங்க வேண்டும்.

இறங்கியது. இருபது... பதினெட்டு... பதினாறு...

பதினாலு.

அங்கே நின்றுவிட்டது.

நாற்காலியைப் பார்த்தேன். காலி. எண்ணைப் பார்த்தேன். பதினாலு. யாரோ ஒருவர் வெளியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

கதவை இரண்டு தட்டு தட்டினேன்.

பதில் இல்லை.

மறுபடி இரண்டு.

பதில் இல்லை.

அப்போது கேட்டது. தரைக்குப் பக்கத்தில். ‘ஸ்ஸ்ஸ்...’

வாயு வரும் துளை. குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். காற்று எதுவும் படவில்லை. வெளியே முள் பூஜ்யத்தில் இருந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். எனக்கு மூச்சு முட்டவில்லை. தலை சுற்றவில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

‘ஸ்ஸ்ஸ்...’

சார்ஜ் தட்டு இருந்த மேஜைமேல் ஏறினேன். எழுபத்தொரு வயதில், குழந்தை மாதிரி முழங்காலை ஊன்றி ஏறினேன். ஆர்கான் கீழிருந்துதான் நிரம்பும்.

இதை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அன்று, தம்பியைத் தூக்கி வெளியே கிடத்திய பிறகு, அந்த மேஜைமேல் அவன் ஷூ தடம் இருந்தது. அவனும் ஏறியிருக்கிறான். சில மூச்சில் நினைவு போனவன் மேஜைமேல் ஏறமாட்டான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அறிக்கை எழுதுவதற்கு முன்னால் நானே ஈரத்துணியால் துடைத்தேன்.

3.10. எண் பதினாலு.

கத்தினேன். அவனைச் சின்ன வயதில் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திறடா என்றேன். உத்தரவாகத்தான் வந்தது. கெஞ்சத் தெரியவில்லை.

3.20. பதினாலு.

இரண்டு தட்டு. பதில் இல்லை.

இரண்டு தட்டு.

இரண்டு தட்டு...

பிறகு எண்ணாமல் தட்டினேன். கையுறை கிழிந்தது.

3.30.

கெஞ்சினேன்.

3.33.

‘ஸ்ஸ்’ நின்றது.

க்ளிக்.

கதவு ஒரு விரல் அளவு திறந்துகொண்டது.

இறங்கினேன். இடுக்கியால் சிப்பை எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டேன். அதை ஏன் மறக்காமல் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. வெளியே வந்தேன். நாற்காலியைத் தொடவில்லை. உலர் அறையின் நடுவில், மூச்சு வாங்க, ஏழெட்டு நிமிடம் நின்றிருப்பேன்.

எண் எட்டு.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். எண் எட்டு.

வாட்ச்மேன் நான் வெளியேறிய நேரத்தை 3.52 என்று எழுதியிருக்கிறான். ஐயா கையில் ரத்தம் என்றானாம். எனக்கு நினைவில்லை.

அன்றிரவு தகரப் பெட்டியை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தூக்கம் வரவில்லை என்றாலும் மனதில் ஓர் ஆறுதல். வேலை முடிந்தது. நாளைக்குப் படித்தால், சிப்பில் இன்று பிற்பகல் முதல் நாளைக் காலை வரை அறைச் சூடு இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று வெறுமனே வரும். பழுதாகிவிட்டதம்மா என்று சொல்லிவிடலாம். பெயர் தப்பியது.

காலை பத்து மணி. மீட்டர் வந்தான். தம்பி மனைவி வந்தாள். அன்றைக்கும் உட்காரவில்லை. என் கைக்கட்டைப் பார்த்தாள். மீட்டர் சிப்பைப் படிக்கும் கருவியில் வைத்தான். திரையில் எண்கள் வந்தன.

பூஜ்யமாவது நிமிடம்: 34.2.

முதல் நிமிடம்: 34.2.

இரண்டாவது நிமிடம்: 34.3.

“என்னங்கய்யா, நேத்து மணிக்கட்டுல ஒட்டியிருந்தீங்களா?” என்றான் மீட்டர். தோல் சூடு அதுதான். முப்பத்து நாலு. அறைச் சூட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. நான் அதைக் கையால் தொட்டதே இல்லை. சார்ஜ் தட்டில் கிடந்த சிப்.

மீட்டர் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். இருபதாவது நிமிடம், 34.4. முப்பதாவது, 34.6. “ஏதோ ஓடியாடி வேலை செஞ்ச மாதிரி ஏறுது” என்றான். நாற்பது, 34.5.

நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு 34.1. 33.8. 33.4. இறங்கிக்கொண்டே போயிற்று. ஒருமுறைகூட ஏறவில்லை. மீட்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் இருபது வருடமாக இப்படிப்பட்ட கோடுகளைப் படிக்கிறவன். உயிர் இருக்கிற சூடு ஏறும், இறங்கும். இது இறங்க மட்டும் செய்தது.

“ஆரம்பிச்சது எப்ப?” என்று அவள் கேட்டாள்.

“நேத்து. ரெண்டு அம்பத்திரண்டு” என்றான் அவன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நேற்றே நான் அழித்துவிட்டேன் என்று புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் பதிலுக்குப் போட எனக்கும் தெரியும்.

“நாப்பத்தொரு நிமிஷம் உள்ள என்ன பண்ணிட்டிருந்தார், மாமா?”

மனதுக்குள் கணக்குப் போட்டேன். 2.52. நான் நாற்காலியை விட்டு எழுந்த நேரம். 3.33. நேற்று கதவு திறந்துகொண்ட நேரம்.

“தட்டிட்டிருந்தான்” என்றேன்.

மீட்டர் எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்று மாலையே பதிவேட்டை எடுத்து அந்த வரியை அடித்தேன். நடந்தது என்ன என்று எழுதினேன். காவலில் இருந்தவர் யார், எத்தனை மணிக்கு எழுந்து போனார், எதற்காகப் போனார், மேஜையைத் துடைத்தது யார், எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் பிறகு விசாரணை வந்தது, கேள்விகள் வந்தன, என் மகன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். வாசலில் பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் இப்போது எழுந்து நிற்பதில்லை. நான் இதையெல்லாம் புகாராகச் சொல்லவில்லை. எழுதிவிட்டால் அதோடு முடியும் என்று நினைத்திருந்தேன், அதற்காகச் சொல்கிறேன்.

முடியவில்லை.

சிப்பை அவள் அன்றே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். மறுநாள் பிற்பகல் அவள் மகளிடமிருந்து போன். “பெரியப்பா, அது சுடுது” என்றாள். அலமாரியில், கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருந்ததாம். எப்போது சுட ஆரம்பித்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளே சொன்னாள்.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். தினமும் 2.52-க்குச் சிப் ஒரு மனிதனின் மணிக்கட்டுச் சூட்டுக்கு வருகிறது. தினமும் 3.33-க்கு ஆற ஆரம்பிக்கிறது. இரண்டு வருடம் ஆகிறது. ஒருநாள் தவறவில்லை.

பேட்டரி ஒன்றரை வருடம்தான் வரும் என்றேன் அல்லவா? அதற்காகக் காத்திருந்தேன். கெடு தாண்டி ஆறு மாதம் ஆனதும், மீட்டர் அவர்கள் வீட்டுக்கே உருப்பெருக்கியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். மேல்பூச்சு கண்ணாடி மாதிரி, உள்ளே தெரியும். பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். வாசலிலேயே நின்றான். லித்தியம் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த பொடி மட்டும் இருக்கிறது என்றான். நேற்று இன்று ஆனதல்ல, தம்பி இறந்த வருடமே ஈரம் புகுந்து பொடியாகியிருக்க வேண்டும் என்றான். நான் அழிக்கப் போன அன்றைக்கே அதற்குள் பேட்டரி என்று ஒன்று இருந்திருக்கவில்லை.

“அப்ப எதுல ஓடுதுய்யா?” என்று கேட்டான். நாற்பது வருடம் இதே தொழிலில் இருந்த என்னிடம் கேட்டான்.

தினமும் அந்த நேரத்துக்குத் தம்பி மனைவி வீட்டில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். சிப்பை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்கிறாள். ஆறும் வரைக்கும் கையைத் திறப்பதில்லை. போன வாரம் நானே நேரில் போனேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அந்த நேரத்துக்கு அதை நான் வைத்துக்கொள்கிறேன் அம்மா என்றேன். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். 2.52 ஆனதும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். 3.33 வரை. எழுந்து போகவில்லை.

கதவு திறந்ததும் மறுபடி கேட்டேன். ஒரு நிமிடம் போதும் என்றேன்.

“வேண்டாம் மாமா” என்றாள். “நீங்க பாதியில எழுந்து போயிடுவீங்க.”